கட்டிலடியில் நாலு கிண்ணம்

போன வாரம் நாம் நின்றது வீட்டு வாசலில். சின்னவளுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை. கொழுந்தன் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறான். அப்போது பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் தன் ஓட்டை வேனைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றாரே, அந்த இடம். ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்துவிட்டது. கைக்குழந்தையை மூத்தவள் மடியில் போட்டு, "பாத்துக்கோங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவள் இன்னும் வார்டில்தான் படுத்திருக்கிறாள். துணைக்கு அவளுடைய அம்மா இருக்கிறாள்.

இந்த வாரம்தான் நம் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூத்தவளும் சின்னவளும் ஓர்ப்படிகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகிறார்கள், அதிசயத்திலும் அதிசயமாகச் சண்டை இல்லாமல். மூத்தவளின் புருஷன் லாரியோடு வெளியூரில். சின்னவளின் புருஷன், அதாவது மூத்தவளின் கொழுந்தன், அச்சகத்தில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளைதான். என்ன, கோபம் வந்தால் முன்பின் யோசிக்க மாட்டான்.

மூத்தவளுக்கு நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை. கையில் டார்ச், தோளில் மருந்துப் பை. வீடு வீடாகப் போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பாள், பூந்தொட்டித் தட்டைக் கவிழ்ப்பாள், மூடி போடாத டிரம்மைக் கண்டால் வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் நகர்வாள். சிலிண்டர் கொண்டுவருகிறவன்கூட "கொசு அக்கா வீடு எதுங்க?" என்றுதான் விசாரிப்பான். அப்படிப்பட்டவள் வீட்டிலேயே டெங்கு வந்தால் தெரு சும்மா இருக்குமா? முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது.

கொழுந்தன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். பஞ்சர் கடைக்காரர்தான். அவர் கடை ஓரம் அடுக்கியிருக்கும் பழைய டயர்களில்தான் கொசு வளர்ந்தது என்று நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டான். போன மழைக்கே அவருக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டியாயிற்று. இரண்டாவது தடவை என்றால் கடைக்குப் பூட்டு. இன்றைக்கு அதற்காகத்தான் ஆட்கள் வரப்போகிறார்கள்.

விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை கட்டிலில் கையைக் காலை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தது. சின்னவள் மகளுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய மரக் கட்டில். மேலிருந்து தரை வரை வெள்ளை வெளேரென்று கொசுவலை. கொசு அக்கா வீட்டுக் குழந்தையாயிற்றே!

கிலுகிலுப்பை உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. குழந்தை முகத்தைச் சுளித்து அழ ஆயத்தமானது. "இரு இரு, எடுத்துத் தர்றேன் மகாராணி" என்று மூத்தவள் வலையை விலக்கிக் குனிந்தாள்.

கிலுகிலுப்பை கையில் பட்டது. கூடவே ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும்.

கட்டிலின் கால் அந்தக் கிண்ணத்துக்குள் நின்றது. கிண்ணத்தில் தண்ணீர். அடுத்த காலுக்கும் ஒரு கிண்ணம். நாலு காலுக்கும் நாலு கிண்ணம். வேலைப் பழக்கத்தில் கை தானாக டார்ச்சை எடுத்து அடித்தது.

தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை வீட்டில், எத்தனை பேரை அருகில் கூப்பிட்டு, "பாத்தீங்களா, இதுதான் கொசுப்புழு" என்று காட்டியிருப்பாள்! இப்போது தன் வீட்டில், குழந்தை படுக்கும் கட்டிலுக்கு அடியில்.

யார் வைத்தது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. குழந்தையின் காதில் எறும்பு கடித்து அது வீறிட்டு அழுத அன்றைக்குக் கொழுந்தன் ஆடிய ஆட்டம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "இனிமே ஒரு எறும்பு என் பொண்ணுகிட்ட வரட்டும் பாக்கலாம்" என்று கத்தினான். கால்களைத் தண்ணீரில் நிறுத்திவிட்டால் எறும்பு ஏற முடியாதல்லவா? வைத்துவிட்டான். தண்ணீர் குறையக் குறைய யாரோ ஊற்றியிருக்கிறார்கள். கொட்டிக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை. தரை வரை தொங்கிய வலை அதை மூடிவிட்டது.

அவள் மெல்ல எழுந்து வாசலுக்குப் போனாள். நிலைக்கதவின் ஓரம் சுவரில் வெள்ளையாகச் சாக்பீஸ் எழுத்து. போன வாரத் தேதி. பக்கத்தில் ஒரு டிக். வீட்டைச் சோதித்தாயிற்று, எல்லாம் சரி என்று அர்த்தம்.

சொந்தத் தெருவில் யாருக்கும் டூட்டி போட மாட்டார்கள். முகதாட்சண்யம் பார்த்துவிடுவார்கள் என்று ஆபீசில் அப்படி ஓர் ஏற்பாடு. இந்தத் தெருவைப் பார்ப்பது அவளோடு வேலை செய்கிற இளைஞன். எந்நேரமும் காதோரம் சாக்கட்டியைச் செருகிக்கொண்டு திரிவதால் அவனுக்குச் "சாக்பீஸ்" என்றே பேர் விழுந்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைவான். இந்த வீட்டு வாசலில் மட்டும், "நம்ம அக்கா வீட்டுல என்னத்தப் பாக்கிறது!" என்று சிரித்துக்கொண்டே டிக் போட்டுவிட்டுப் போவான். அவளும் சிரித்துக்கொண்டே டீ கொடுத்து அனுப்புவாள். டீ மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

மூத்தவள் உள்ளே வந்து குழந்தையைத் தூக்கிப் பாயில் படுக்கவைத்தாள். நாலு கிண்ணங்களையும் ஒரு தாம்பாளத்தில் எடுத்து வைத்தாள். கொல்லைப்பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சூட்டுத் தரையில் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் புழுவும் காய்ந்துவிடும், கதையும் முடிந்துவிடும். யார் பார்த்தார்கள்? கொழுந்தனுக்குத் தெரிய வேண்டாம். ஆபீசுக்குத் தெரிய வேண்டாம். கொசு அக்கா வீட்டிலேயே கொசு வளர்ந்தது என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். நாளைக்கு எந்த முகத்தோடு ஒரு வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்ப்பாள்?

தாம்பாளத்தோடு கொல்லைக்கதவு வரை வந்துவிட்டாள்.

"தங்கச்சி, உள்ள இருக்கியாம்மா?"

வாசலில் பஞ்சர் கடைக்காரர். சட்டையெல்லாம் கிரீஸ். கையில் மட்டும் சுத்தமான ஒரு பை. மூத்தவள் தாம்பாளத்தைச் சட்டென்று அடுப்படி மேடையில் வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு வந்தாள்.

"பாப்பாவுக்குப் பால் பவுடர். கடைக்காரன் டப்பாவை மாத்திக் கொடுத்துட்டானோன்னு என் வீட்டுக்காரி ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டா. சரியா இருக்கான்னு நீயும் பாத்துக்கோ."

"எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்?"

"என்ன பெரிய சிரமம். அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்கு?"

"இன்னும் போன் வரலண்ணே." அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தம்பி உங்க மேல எழுதிக் கொடுத்தது…"

"தெரியும் தெரியும்." அவர் கையை வீசினார். "போன மழையிலேர்ந்து பழைய டயர் ஒண்ணு விடாம ஓட்டை போட்டுத்தான் வைக்கிறேன், தண்ணி நிக்கக்கூடாதுன்னு. பஞ்சர் ஒட்டுறவன் கையாலேயே டயரை ஓட்டை போடுறான்னு என் பொண்டாட்டி சிரிக்கிறா. அப்படியும் எங்கேயாவது ஒண்ணு தப்பியிருந்தா? அவன் பொண்டாட்டி கிடக்கிற கிடையில அவனுக்கு யார் மேலயாவது கோவப்படணும். பூட்டுனா பூட்டிட்டுப் போகட்டும். புள்ளையோட தாய் நல்லபடியா வீடு வந்து சேரட்டும், அது போதும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூத்தவள் பால் பவுடர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அந்த வேன் மட்டும் வராவிட்டால் சின்னவள் என்னவாகியிருப்பாள்? அந்த மனிதர் கடையில் பூட்டு விழ, இவள் அடுப்படியில் துணி போட்டு மூடி வைத்துக்கொண்டு நிற்பதா?

அடுப்படிக்குப் போனாள். துணியை எடுத்துவிட்டாள். தாம்பாளத்தை மேடை மேல் அப்படியே வைத்தாள். கொல்லைக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சற்றைக்கெல்லாம் கொழுந்தன் பைக்கில் வந்து இறங்கினான். பல வாரமாய்ச் சவரம் செய்யாதவன் போலிருந்த முகத்தில் சிரிப்பு.

"அண்ணி, காய்ச்சல் விட்டுடுச்சு! நெத்தி ஜில்லுன்னு இருக்கு. ரெண்டு நாள் இருக்கணும்னு டாக்டர் சொல்றார். நான் சாயங்காலமே கூட்டிட்டு வந்துடலாம்னு பாக்கிறேன்."

மூத்தவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது.

"டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"என்னவோ சொன்னார். காய்ச்சல் விட்டுச்சுன்னு கேட்டதும் எனக்கு வேற எதுவும் காதுல ஏறல."

"நல்லா கேட்ட போ! காய்ச்சல் விட்ட பிறகுதான் தம்பி கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும். அதைத்தான் சொல்லியிருப்பார். அவ அம்மாவுக்கு உடனே போன் போடு. வயித்த வலிக்குதுன்னாலும், வாந்தி வந்தாலும், கை கால் சில்லிட்டாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காம நர்ஸைக் கூப்பிடச் சொல்லு. சாயங்காலம் கூட்டிட்டு வர்ற பேச்சே வேண்டாம்."

அண்ணி சொன்னால் அதற்கு மேல் அவனிடம் பேச்சு கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே போனைப் போட்டுச் சொன்னான். அவன் வைப்பதற்கும் தெருவில் நகராட்சி வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

சூப்பர்வைசர் இறங்கினார். பின்னாலேயே சாக்பீஸ், முதுகில் புகை மருந்து இயந்திரத்தோடு இன்னும் இரண்டு பேர். கொழுந்தன் முந்திக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விட்டான். மூத்தவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

சாக்பீஸ் ஒவ்வொரு டயராகப் புரட்டினான். எல்லாவற்றிலும் ஓட்டை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பஞ்சர் கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"சார், நாம வர்றோம்னு தெரிஞ்சு எல்லாத்தையும் காய வச்சிருப்பார்" என்றான் கொழுந்தன்.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "இன்னைக்குத் தண்ணி இல்லேன்னா போன வாரமும் இல்லேன்னு சொல்ல முடியாதுதான். புகார் வந்திருக்கு. பக்கத்து வீட்டுலயே ஆள் படுத்திருக்காங்க. மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது? வேற வழியில்ல அண்ணே, கடைய ஒரு வாரம் பூட்டித்தான் வைக்கணும்."

"பூட்டுங்க சார்" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"நில்லுங்க சார்." மூத்தவள் முன்னால் வந்தாள். "எங்க வீட்டைப் பாத்துட்டீங்களா?"

சாக்பீஸ் சிரித்தான். "உங்க வீடு எப்பவும் ஓகேதானேக்கா!"

"நீ ஒரு நாளாவது உள்ள வந்து பாத்தியா?"

அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் எல்லாரையும் அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். டார்ச்சைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தாள். அவர் நாலு கிண்ணத்திலும் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். சாக்பீஸின் முகத்தில் ஈயாடவில்லை. காதோரம் இருந்த சாக்கட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"இது… இது நான் வச்சது." கொழுந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "பாப்பா கட்டிலுக்கு. எறும்பு வரக்கூடாதுன்னு… அண்ணி, அப்ப அவளை நானா…"

"வாயை மூடு!" மூத்தவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "புள்ளைய எறும்பு கடிச்சுது, அப்பன் கிண்ணம் வச்சான். நீ என்னத்தக் கண்ட? ஊரான் வீட்டுக் கட்டிலுக்கெல்லாம் அடியில டார்ச் அடிக்கிறவ நான். எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில குனியல. சுவத்துல டிக் இருந்தது, எனக்கும் அது போதும்னு இருந்துட்டேன். சார், அந்த நோட்டீஸை எங்க வாசல்ல ஒட்டுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றியாம்மா?"

"ஒட்டுங்க சார்."

ஒட்டினார். கடையைப் பூட்டுகிற பேச்சு அதோடு போயிற்று. "கட்டிலடிக் கிண்ணத் தண்ணீரில் கொசுப்புழு" என்று எழுதிய, பசை ஈரம் காயாத அந்தக் காகிதத்தைத் தெருவே பார்த்தது. "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் ஆபீசுக்கு வந்துடுங்க" என்று அவளையும் சாக்பீஸையும் பார்த்துச் சொன்னார். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

அப்போதுதான் கொழுந்தனின் போன் அடித்தது. சின்னவளின் அம்மா.

"தம்பி, வயித்து வலின்னு துடிச்சா, கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு! நீங்க சொன்னீங்களேன்னு நான் உடனே ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். டாக்டர் வந்துட்டார், ட்ரிப்ஸ் போட்டுட்டாங்க. சீக்கிரம் வாங்க தம்பி!"

கொழுந்தன் பைக் சாவியைத் தேடினான். சாவி அவன் கையிலேயே இருந்தது. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தெருவில் வேன் சத்தம் கேட்டது. பஞ்சர் கடைக்காரர் தலையை நீட்டினார். "இந்தக் கையை வச்சுக்கிட்டு நீ பைக் ஓட்டினா நீயும் நேரா ஆஸ்பத்திரிப் படுக்கைக்குத்தான் போவ. ஏறு!"

"அண்ணே, நான் உங்களை…"

"அதெல்லாம் வர்ற வழியில திட்டுறேன். இப்ப ஏறு."

வேன் போய்விட்டது. மூத்தவள் குழந்தையோடு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே மாடி வீட்டம்மா இறங்கி வந்துகொண்டிருந்தாள். டிரம்முக்கு மூடி போடவில்லை என்று மூத்தவளிடம் சண்டை போட்டு, பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தவள். இன்றைக்குக் கிடைத்த வாய்ப்பை விடுவாளா? மூத்தவள் கேட்டுக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்தாள்.

"இப்படிக் கொடு புள்ளைய" என்று மாடி வீட்டம்மா கையை நீட்டினாள். "எங்க வீட்டுச் சாப்பாட்டு அலமாரிக்கும் நாலு காலிலயும் கிண்ணம் வச்சிருக்கேன். எத்தனை மாசம் ஆச்சோ தெரியல. நீ போய் டார்ச் அடிச்சுப் பாரு. எனக்குப் பயமா இருக்கு."

மூத்தவள் நிமிர்ந்தாள். போய்ப் பார்த்தாள். அங்கேயும் நெளிந்தது.

அப்புறம் அந்தத் தெருவில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். "எங்க வீட்டுக்கு வா", "எங்க வீட்டுக்கு வா" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். வழக்கமாக மணி அடித்தால் கதவைத் திறக்காதவர்கள்! சாக்பீஸ் ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் தரையில் படுத்தே பார்த்தான். அவன் சட்டை முழுவதும் தூசி. புகை மருந்துக்காரர்கள் சாப்பிடக்கூடப் போகவில்லை. சூப்பர்வைசரே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கிண்ணங்களைத் தேய்த்துக் கழுவினார். இத்தனை பேர் தங்கள் வீட்டு வேலை போல் நின்று செய்வதைப் பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு அழுகை அழுகையாய் வந்தது. எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கையில் டார்ச் இருந்ததால் கும்பிடவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குப் பஞ்சர் கடைக்காரர் மட்டும் திரும்பி வந்தார். வேனிலிருந்து இறங்கும்போதே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"தாண்டிட்டாம்மா! கொஞ்சம் தாமதிச்சிருந்தாலும் கஷ்டமாயிருக்கும், நல்ல நேரத்துல கூப்பிட்டீங்கன்னு டாக்டரே சொல்லிட்டார். அவ அம்மா அந்த நர்ஸுப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்கிறா."

மூத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளாய் அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. "நீங்க நல்லா இருக்கணும்ண்ணே, உங்க குடும்பம் நல்லா இருக்கணும்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

"சரி சரி, அழுகைய நிறுத்து. புள்ள எங்க படுக்கும்? எறும்பு வருமே." அவர் கடைக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தார். கட்டிலின் நாலு காலிலும், குழந்தையின் கை எட்டாத அடிப்பக்கமாக, விரலால் கிரீஸைச் சுற்றித் தடவினார். "இதைத் தாண்டி எந்த எறும்பு வருதுன்னு நானும் பாக்கிறேன்."

விளக்கு வைத்த பிறகு மூத்தவளின் போன் அடித்தது. கொழுந்தன் என்று நினைத்து எடுத்தாள். சின்னவளின் குரல். மெலிந்து, நூலாக இருந்தது. ஆனாலும் அவள் குரல்தான்.

"அக்கா…"

"சொல்லுடி என் கண்ணே. எப்படி இருக்க?"

"பசிக்குதுக்கா. இத்தனை நாள் கழிச்சு இன்னைக்குத்தான் பசிக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "பாப்பா?"

"தூங்குறா. வயிறு நிறையக் குடிச்சுட்டுத் தூங்குறா. நீ பேசாத, களைப்பா இருக்கும்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்க்கா. அவருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது. பாப்பா கட்டிலுக்கு அடியில கிண்ணம் இருக்கும். வைக்கச் சொன்னதே நான்தான். தினம் காலையில எழுந்ததும் நான்தான் தண்ணி ஊத்துவேன். நான் இல்லாம வத்திப் போயிருக்கும். எறும்பு ஏறிடும்க்கா. கொஞ்சம் தண்ணி ஊத்திடுறீங்களா?"

மூத்தவள் கட்டிலைப் பார்த்தாள். கிரீஸ் பூசிய கால்கள் காய்ந்த தரையில் நின்றன. வலைக்குள் குழந்தை விரலைச் சப்பிக்கொண்டு தூங்கியது.

"எறும்பு ஏறாதுடி. அதுக்கு வேற வழி பண்ணியாச்சு."

"என்ன வழிக்கா?"

"நீ முதல்ல சாப்பிடு. வீட்டுக்கு வா. எல்லாம் சொல்றேன்."

"நீங்க இருக்கீங்க, எனக்கென்ன கவலை" என்று சொல்லிச் சின்னவள் போனை வைத்தாள்.

மூத்தவள் குழந்தையைச் சுற்றிக் கொசுவலையைச் சரிசெய்தாள். உயிரோடு திரும்பி வருகிறாளே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று மனது நிறைந்திருந்தது. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு வெளியே அந்த நோட்டீஸ் இருந்தது. சின்னவள் வீடு வந்து சேரும்போது, குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண்ணில் படப்போவது அதுதான்.